கறுக்காத எலுமிச்சை

அத்தியாயம் 4

நான்கு மணிக்குத் தண்டோரா. அதற்கு இன்னும் ஒரு மணி நேரமும் பத்து நிமிடமும் பாக்கி இருந்தன.

அபுராக்ரோமில் அக்வா குடும்பத்து வீட்டு வாசலில் கூடியிருந்தவர்கள் ஆளுக்கொரு கல் வைத்திருந்தார்கள். சிலரிடம் இரண்டு. கடற்கரை ஊரில் கல்லுக்குப் பஞ்சம். அதனால் பாதிப் பேர் பக்கத்துத் தேவாலயத்தின் சுற்றுச்சுவரிலிருந்து பெயர்த்து எடுத்து வந்திருந்தார்கள். காலையில் இடுப்பு உயரம் இருந்த சுவர் இப்போது முழங்காலுக்கு இறங்கியிருந்தது.

ஃபீஃபி டாக்சியை ஊர வைத்தான். அவன் வண்டியின் பின்கண்ணாடியில் 'கடவுள் பார்த்துக்கொள்வார்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். பக்தி என்று நினைத்து ஏறுகிறவர்கள் முதல் இறக்கத்தில்தான் அது பிரேக்கைப் பற்றிய அறிவிப்பு என்று புரிந்துகொள்வார்கள்.

"ஆன்ட்டி, இவங்கெல்லாம் நம்மளை வரவேற்க வந்திருக்காங்களா?"

"கையில என்ன இருக்குன்னு பாருடா."

"பூன்னு நினைச்சு மனசைத் தேத்திக்கிட்டிருந்தேன். ஏன் கெடுக்கறீங்க?"

முன்சீட்டில் உட்கார்ந்திருந்தவர் ஆன்ட்டி அராபா. ரயில்வே விடுதியில் முப்பத்திரண்டு வருடம் சலவைத் தலைவியாக இருந்தவர். ஒருமுறை ஒரு சட்டைக் காலரை முகர்ந்து பார்த்துவிட்டு, அதைப் போட்டிருந்தவன் ஞாயிற்றுக்கிழமை எந்தத் தேவாலயத்தில், எத்தனையாவது பெஞ்சில், யாருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான் என்று சொன்னார். அதனால் மூன்று கல்யாணங்கள் முறிந்தன, ஒன்று அவசரமாக நடந்தது. ஓய்வு பெற்ற பிறகு போலீஸ்காரர்கள்கூடச் சந்தேகமான துணியை மடித்து அவர் வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். சிலர் சந்தேகமில்லாத துணியையும் சேர்த்துக் கொண்டு வந்தார்கள்.

பின்சீட்டில் அட்டோ. தலையைக் கையில் தாங்கியபடி வந்தான். டக்கோராடி நகரம் வரை தேடி வந்து, காலில் விழாத குறையாக ஆன்ட்டியை அழைத்து வந்தவன். தண்டோராவில் விழப்போகும் பெயர் அவனுடைய மனைவி எக்குவாவின் பெயர். பெயர் விழுந்தால் அவள் ஊரை விட்டுப் போயாக வேண்டும். எல்லை வரை துணைக்கு வரத்தான் வாசலில் கூட்டம் தயாராக நின்றது.

"ஆன்ட்டி, நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்," என்றான் அட்டோ. "எலுமிச்சையும் சாம்பலும் போட்டுத் தேய்ச்சா அந்தக் கறுப்பு போயிடும், இவ தெரியாத்தனமா தேய்ச்சுட்டான்னு சொல்லுங்க. தெரியாம செஞ்சதுக்கு ஒரு ஆடு அபராதத்தோட விட்டுருவாங்க. எம் பொண்டாட்டி உயிர் பிழைச்சுப்பா."

"தேய்ச்சது அவதானா?"

"வேற யாரு? சனிக்கிழமை ரேடியோவுல அவளே சொன்னாளே."

சொன்னது உண்மைதான். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஊர் வானொலியில் எக்குவாவின் குரல் வரும். சன்னல் கண்ணாடிக்குக் கஞ்சித் தண்ணீரும் பழைய செய்தித்தாளும். குளிர்பெட்டி நாற்றத்துக்கு ஒரு துண்டுக் கரி. வெள்ளைக் கான்வாஸ் காலணிக்குப் பற்பசை. அவள் பேசி முடித்த அரை மணி நேரத்தில் ஊர் முழுக்கத் தேய்க்கும் சத்தம் கேட்கும். போன சனிக்கிழமை உற்சாகத்தில் ஒரு வார்த்தை கூடுதலாக விட்டுவிட்டாள். 'எலுமிச்சையும் சாம்பலும் கையில இருந்தா, இந்த உலகத்துல போகாத கறுப்பே கிடையாது.'

இன்று செவ்வாய்க்கிழமை. விடிகாலையில் பீட அறைக் கதவைத் திறந்தால், நூற்றைம்பது வருடக் கரும்பீடம் ஒன்று பால் போல வெளுத்து நின்றது.

குடும்பத் தலைவர் உயிரோடு இருக்கும்வரை அவர் உட்காரும் மரப்பீடத்தை எலுமிச்சையும் மணலும் போட்டு வெள்ளைவெளேரென்று வைத்திருப்பார்கள். அவர் போனபின் புகையும் முட்டைக்கருவும் ஏற்றிக் கறுப்பாக்கி உள் அறையில் வைப்பார்கள். அப்புறம் அவர் குடியிருப்பது அந்தக் கறுப்பில்தான். அதைத் தேய்ப்பது பெரியவரை இரண்டாம் முறை கொல்வதற்குச் சமம். முதல் முறை செத்ததைவிட இரண்டாம் முறைதான் முன்னோர்களுக்குக் கோபம் அதிகம் வரும் என்று அபுராக்ரோமில் எல்லோருக்கும் தெரியும்.

கூட்டம் வழி விட்டது. காலையிலிருந்து அந்த வாசலைக் கடந்து வெளியே போன எல்லாவற்றையும் அவர்கள் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எக்குவா ஒளிந்திருக்கக்கூடும் என்று ஒரு மீன்காரியின் கூடையைக்கூடக் கொட்டிப் பார்த்தாயிற்று. ஆனால் ஆன்ட்டி ஏறி வந்த வண்டியின் மேல் யார் கை வைப்பார்கள்? அங்கே நின்றவர்களில் பாதிப் பேரின் படுக்கைவிரிப்பு ரகசியம் அவரிடம் இருந்தது.

முற்றத்தில் வண்டி நின்றதும் அட்டோ ஃபீஃபியின் தோளைத் தொட்டான்.

"அண்ணே, திரும்பிப் போறப்ப ஒரு கரி மூட்டையை டக்கோராடி துறைமுகத்துல இறக்கிடறியா? என் ஜின் பாருக்கு வேண்டிய ஆள். வாசல்லயே நிப்பான்." இருபது சேடித் தாள் ஒன்று கை மாறியது.

"ஊரே பத்தி எரியறப்ப உனக்குக் கரி வியாபாரமா?"

"சொன்ன வார்த்தைண்ணே. தவறக் கூடாதுல்ல."

மூட்டையைத் தூக்கி டிக்கியில் போட்டபோது ஃபீஃபிக்குச் சந்தோஷமாக இருந்தது. "என்னப்பா, பஞ்சு மாதிரி இருக்கு?"

"நல்லாக் காய்ஞ்ச கரி," என்றான் அட்டோ.

எக்குவா சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றிப் பத்தடிக்கு யாரும் இல்லை. கோழிகள்கூட வளைந்து போனதாகத் தோன்றியது ஃபீஃபிக்கு.

"நீ அந்த அறைக்குள்ள போனியா பொண்ணே?" ஆன்ட்டி அவள் முன் குந்தினார்.

"இல்ல ஆன்ட்டி. எனக்கென்ன பைத்தியமா? இந்த வயசுப் பொண்ணு அந்த வாசப்படி பக்கமே போகக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப யாரு போனது?"

"அவரே என்னைத்தான் சொல்றாரு ஆன்ட்டி, எம் புருஷன். 'தேய்ச்சேன்னு ஒத்துக்கோ, காப்பாத்தறேன்'னு காலையிலேர்ந்து ஒரே வார்த்தை. தேய்க்காததை எப்படி ஒத்துக்கறது? பானை கழுவலைன்னா கழுவலைன்னுதான சொல்ல முடியும்?"

குடும்பத் தலைவர் நானா அமிசா கறுப்புத் துணியை ஒரு தோளில் போட்டபடி தாழ்வாரத்தில் நின்றிருந்தார். ஒரே காலையில் பத்து வயது கூடியிருந்தது.

"நீ உள்ள போகலாம் அராபா. உனக்கு அந்த வயசு தாண்டியாச்சு. செருப்பைக் கழட்டிட்டுப் போ. எந்தப் பீடத்தையும் தொடாதே. இந்த டிரைவர் வாசப்படியோட நிக்கணும்."

"நானா, நீங்க கூப்பிட்டாலும் வரமாட்டேன்," என்றான் ஃபீஃபி. சத்தியமாகத்தான் சொன்னான்.

வாசற்படியில் நின்று டார்ச்சைப் பிடித்தான். வெளிச்சம் மட்டும் உள்ளே போனது, அதுவும் தயங்கித் தயங்கி. புகை, பழைய எண்ணெய், வேறு ஏதோ ஒரு வாடை. தரையோடு தரையாக ஏழு கரும்பீடங்கள் வரிசையாகச் சாய்ந்திருந்தன. எட்டாவது, இருட்டு வாயில் ஒற்றைப் பல் போல வெளுத்துப் பளிச்சிட்டது.

"நேராப் பிடிடா."

"நேராத்தான் ஆன்ட்டி பிடிச்சிருக்கேன். வீடுதான் ஆடுது."

வெள்ளைப் பீடத்தின் பக்கத்தில் ஒரு எனாமல் பேசின். சாம்பல், தேங்காய் நார், எலுமிச்சைத் துண்டுகள். பீடத்தைத் தொடாதே என்றுதான் நானா சொன்னார். பேசினைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆன்ட்டி அதன் மேல் குனிந்து முகர்ந்தார். ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பீடத்தின் பக்கம் மூக்கை நீட்டி ஒரு மூச்சு இழுத்தார். எலுமிச்சைத் துண்டுகளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வெளியே வந்தபோது அவர் முகத்தில் இருந்தது பயமில்லை. மோசமாகத் துவைத்த துணியைப் பார்த்தால் வரும் கோபம் அது. ஃபீஃபிக்கு அந்தக் கோபம் பழக்கம்.

"என்ன ஆன்ட்டி?"

"முதல்ல கதவைத் திறந்தது யாரு?"

திறந்தவர் அறைக் காவலர் எக்யா பெயின்சில். நாற்பது வருடமாக அந்தக் கதவின் சாவி அவர் இடுப்பில், தூங்கும்போது மட்டும் சுவர் ஆணியில். காலையில் அந்த வெள்ளையைப் பார்த்துவிட்டு, பின்கட்டு வரை நடந்து வந்து விழுந்தவர்தான். வலது பக்கம் முழுக்கச் செத்துவிட்டது, வாய் கோணிவிட்டது, பேச்சு போய்விட்டது. முன்னோர்கள் அடித்துவிட்டார்கள் என்றார்கள். அவருடைய பாயைச் சுற்றியிருந்த பெண்கள் எல்லோரும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள்.

ஏன் என்று ஃபீஃபிக்கு உடனே விளங்கியது. கிழவர் இடது கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

அந்த ஊரில் இடது கையால் ஒருவரைச் சுட்டுவதைவிட முகத்தில் துப்புவது மரியாதை. எழுபத்தெட்டு வருடம் இடது கையால் ஒரு ஈயைக்கூட ஓட்டாத மனிதர். அவர் கையையே பிடித்து முன்னோர்கள் ஊரைத் திட்டுகிறார்கள் என்று நடுங்கி, காலையிலிருந்து ஒருத்தர் விடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். ஃபீஃபியும் திருப்பிக்கொண்டான்.

"கை கீழயே இறங்க மாட்டேங்குது ஆன்ட்டி," என்று ஒருத்தி சுவரிடம் அழுதாள். "இறக்கி வச்சா மறுபடி தூக்கறாரு. எங்களை சபிக்கறாரு."

"வலது கை வேலை செஞ்சா அதை நீட்டியிருப்பார்டி," என்றார் ஆன்ட்டி. "இருக்கறதைத்தான நீட்ட முடியும்."

அவர் கிழவரின் தோளுக்குப் பக்கத்தில் படுத்தேவிட்டார். கன்னத்தைப் பாயில் வைத்து, அந்தக் கையோடு, அந்த விரலோடு பார்த்தார். கதவு. அதைத் தாண்டிப் பின்கட்டு. அடுப்பு. அடுப்பையும் தாண்டி, சுவர் மூலை. அங்கே ஒன்றுமில்லை. தரையில் வட்டமாகக் கறுப்புத் தூள் மட்டும் படிந்திருந்தது.

கிழவரின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. கை மெல்ல, தானாகவே, கீழே இறங்கியது.

"அந்த மூலைல என்ன இருந்தது?"

"கரி மூட்டை," என்றாள் சுவரைப் பார்த்தவள். "அட்டோவோடது. இப்பத்தான், நீங்க வந்தப்பதான் தூக்கிட்டுப் போனாரு."

ஃபீஃபி முற்றத்துப் பக்கம் திரும்பித் தன் வண்டியைப் பார்த்தான்.

"ஆன்ட்டி." குரல் காற்றாக வந்தது. "அது என் டிக்கியில இருக்கு."

"பூட்டியிருக்கியா?"

"என் டிக்கிக்கு எங்க பூட்டு? கயிறுதான்."

"முடிச்சு?"

"நல்ல முடிச்சு. ஆனா ஆன்ட்டி, நான் அதைப் பஞ்சு மாதிரி இருக்குன்னு சொல்லிட்டேன். காதுல விழுந்திருக்குமா அவருக்கு? செத்துப்போனவருக்கு?"

"விழுந்திருக்கும். கடற்கரைக்காரன் வாய் இப்படித்தான்னு அவருக்கும் தெரியும். வா."

மூன்றரை மணி. வாசலில் சத்தம் கூடிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவன் பொறுமையிழந்து எறிந்த கல் கூரைத் தகரத்தில் உருண்டு முற்றத்தில் விழுந்தது. எக்குவா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஆன்ட்டி நடுமுற்றத்துக்கு வந்து, அடுப்படியிலிருந்து கரி பிடித்த பானை ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். எக்குவாவின் முன் வைத்தார். முழு எலுமிச்சை ஒன்றும் கத்தியும் கொஞ்சம் சாம்பலும் கொடுத்தார்.

"தேய்."

"ஆன்ட்டி, இப்பவா?"

"ரேடியோவுல சொல்வியே, அப்படித் தேய்."

எக்குவா பழத்தைக் குறுக்கே இரண்டாக வெட்டினாள். பாதி மூடியை உள்ளங்கையில் பொதித்து, சாம்பலில் தோய்த்துத் தேய்த்தாள். கை தன்பாட்டில் சுழன்றது, கண்ணீர் தன்பாட்டில் விழுந்தது. பத்துச் சுற்று ஆவதற்குள் பானையில் ஒரு காசளவு வெள்ளி தெரிந்தது. அவள் கையிலிருந்த மூடி தார்க்கட்டியாகியிருந்தது.

ஆன்ட்டி கைக்குட்டையை அவிழ்த்து நானா அமிசாவின் முன் நீட்டினார். உள்ளே பச்சையும் மஞ்சளுமாக, பளபளவென்று எலுமிச்சைத் துண்டுகள்.

"நானா, ஒரு பானைக்கு இந்தப் பாடு. நூத்தம்பது வருஷக் கறுப்பைத் தின்ன எலுமிச்சைங்க இவை. எப்படி இருக்கு பாருங்க? கல்யாணத்துக்குப் போற மாதிரி இருக்கு."

நானா குனிந்து பார்த்தார்.

"கழுவியிருப்பா," என்றான் அட்டோ பின்னாலிருந்து.

"கழுவின கறுப்புத் தண்ணி எங்க தம்பி? நாரு ஏன் புதுசா இருக்கு? யாரும் எதையும் தேய்க்கலை நானா. அந்தப் பீடத்துல பச்சை மர வாசனை அடிக்குது. இந்த வருஷம் செதுக்கினது. கறுப்பு போகலை, பீடமே போயிடுச்சு. அதைத் தொடவும் முடியாது, உத்துப் பாக்கவும் முடியாது. அதனால யாருக்கும் தெரியலை."

ஆன்ட்டி ஒரு துண்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"இன்னொண்ணு. தேய்க்கறவ எலுமிச்சையைப் பாதியாத்தான் வெட்டுவா, கைக்குள்ள அடங்கணும். இது நாலு கீத்தா இருக்கு. ஜின் கிளாஸ் விளிம்புல சொருகறதுக்கு இப்படி வெட்டுவாங்க. இந்த வீட்டுல பாத்திரமே தேய்க்காம பார் நடத்தறது யாரு?"

ஃபீஃபி அட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தான். புருஷனுடைய துக்கம் என்று நினைத்திருந்த ஒன்று அந்த முகத்திலிருந்து கழன்று விழுந்தது. அதன் அடியில் வெறும் கணக்குதான் இருந்தது.

"என்னை எதுக்குக் கூட்டிட்டு வந்தான் தெரியுமா நானா? சலவைக்காரி நானே தேய்ச்சா போகும்னு சொல்லிட்டா, அப்புறம் யாரும் பழைய பீடத்தைத் தேட மாட்டாங்க. அதோட, இந்த வீட்டை விட்டு சோதனை இல்லாம வெளிய போற வண்டி என்னோடது ஒண்ணுதான். பின்கட்டுல அவன் கரி மூட்டைக்குள்ள எதையோ பார்த்துட்டுத்தான் காவலர் விழுந்தார், காலையிலேர்ந்து அந்த மூலையைத்தான் காட்டிட்டு இருந்தார்." ஆன்ட்டி டிக்கியைக் கை காட்டினார். "ஃபீஃபி, முடிச்சை அவிழ்."

ஃபீஃபி அவிழ்த்தான். அவன் போட்ட முடிச்சு அதுவரை அவனுக்கு அவ்வளவு பெரியதாகத் தெரிந்ததில்லை. சாக்கின் வாயைத் திறந்ததும் நாலு கரித்துண்டு உருண்டது. அதற்குக் கீழே, கரியைவிடக் கறுப்பாக, வளைந்த ஒரு விளிம்பு. புகை, பழைய எண்ணெய், அந்த வேறு ஏதோ வாடை. ஃபீஃபி பின்னால் நகர்ந்து, தன் சொந்த டாக்சிக்குத் தலை வணங்கினான்.

நானா அமிசா மெல்ல அட்டோவின் பக்கம் திரும்பினார்.

"கப்பல்காரன் கேட்டான் மாமா," என்றான் அட்டோ. "ஒரு கட்டைக்கு அவ்வளவு தரேன்னான். இருட்டுல கிடக்கற கட்டைதான மாமா. இவளுக்கு ஒண்ணும் ஆயிருக்காது, ஆடு கொடுத்திருப்பேன்—"

"வாயை மூடு," என்றார் நானா.

தண்டோராக்காரர் உள்ளே வந்தார். ஒரு கையில் இரும்பு மணி, மறு கையில் குச்சி. அவருக்கு எதுவும் தெரியாது. "நாலாயிடுச்சு நானா. பேரைச் சொல்லிடட்டுமா?"

நானா ஆன்ட்டியின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "அராபா. இவன் எந் தங்கச்சி மகன். எனக்கப்புறம் உக்காரப் போறவன். இவன் பேரு வெளிய போனா இந்த வீடே தரைமட்டம். அந்தப் பொண்ணு வெளியூர்க்காரி. கை நிறையக் கொடுத்து அனுப்பறேன். தெரியாம தேய்ச்சதாவே இருக்கட்டுமே."

ஆன்ட்டி வாயைத் திறப்பதற்குள் எக்குவா எழுந்து நின்றாள். காலையிலிருந்து முதல் முறை. கையில் அந்தக் கறுத்த மூடி.

"போறேன் நானா. சந்தோஷமாப் போறேன். ஆனா எந்த ஊருக்குப் போனாலும் சனிக்கிழமை காலைல ஆறு மணிக்கு ஒரு ரேடியோ இருக்கும். நான் யார் பேரையும் சொல்ல மாட்டேன். கரியைத் தேய்ச்ச எலுமிச்சை எப்படி இருக்கும், தேய்க்காதது எப்படி இருக்கும், அதை மட்டும் சொல்லுவேன். இந்த ஊர்ல எல்லாப் பொம்பளைக்கும் பானை இருக்கு."

நானா அமிசா அவளைப் பார்த்தார். பேசினிலிருந்து வந்த எலுமிச்சைத் துண்டுகளைப் பார்த்தார். டிக்கியை மட்டும் பார்க்கவில்லை.

"அட்டோ," என்றார்.

தண்டோராக்காரர் தலையைச் சொறிந்தார். "அட்டோவைக் கூப்பிடணுமா நானா?"

"கூப்பிட வேண்டாம். அந்தப் பேரைச் சொல்லு. அட்டோ."

குச்சி மணியில் விழுந்தது. வாசலைத் தாண்டிப் பெயர் வெளியே போனது. கத்திக்கொண்டிருந்த கூட்டம் சட்டென்று அடங்கியது. அந்த அமைதியைக் கேட்டதும், அவர்கள் கத்திக்கொண்டே இருந்திருக்கலாம் என்று ஃபீஃபிக்குத் தோன்றியது. பிறகு வாசல் கதவின் தாழ் ஆடியது. ஒருமுறை. மறுமுறை.

அட்டோ ஓடவில்லை. முற்றத்தில் ஒளிய வேறு இடமில்லாமல் மனைவியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். அவள் தோளைப் பிடித்துக்கொண்டான்.

கதவு திறந்தது.

எக்குவா தோளிலிருந்த கையை எடுத்துவிட்டு, ஒரே ஒரு அடி தள்ளி நின்றாள்.